சைக்கிள் விடுற வீடு

சைக்கிள் பார்க்கிற தொழிலில் சைக்கிளால் ஒரு கரைச்சலும் இல்லை. அது விட்ட இடத்தில் வாய் திறக்காமல் நிற்கும், கரைச்சல் எல்லாம் அதில் வந்து இறங்குகிற ஆக்களால்தான். வீட்டு வாசலில் பஸ் நிற்கிற சகோதரிகளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்கள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பஸ்ஸில் போகிற சனத்துக்கெல்லாம் தெரியும். நீங்கள் சீப்பால் தலை இழுத்தால், கொடியில் சீலை போட்டால், பிள்ளையை அதட்டினால், அதற்குச் சாட்சி சொல்ல எப்போதும் ஆள் நிற்கும்.

எங்கள் வீடு புளியங்குளத்துக்கு வடக்கே, குளத்தடி றோட்டு கண்டி வீதியில் வந்து ஏறுகிற முடக்கில் இருக்கிறது. சண்டை ஓய்ந்து பாதை திறக்க முதல் அந்த முடக்கில் நாங்களும் ஒரு பாலை மரமும் மற்றவர்களின் மாடுகளும்தான். பாதை திறந்ததும் பஸ் ஓடியது, வான் ஓடியது, தேத்தண்ணிக்கடை வந்தது, சலூன் வந்தது, யாழ்ப்பாணத்து ஆக்கள் காணி வாங்கி மதில் எழுப்பினார்கள். ஊர் ரவுணாகுது, பட்டணமாகுது என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். நான் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புது ஆக்களைக் கண்டால் குசினிக்குள் அடுப்படியில் போய் நிற்கிற பிறவி. அப்படிப்பட்டவளின் முற்றத்தில்தான் கடவுள் ரவுணைக் கொண்டுவந்து இறக்கினார்.

வேலி படுத்தது

குளத்துக்கு அங்கால் குடியேற்றத் திட்டத்தில் இருக்கிற சனம் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போவதென்றால் எங்கள் முடக்குக்குச் சைக்கிளில் வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். வருகிறவர்கள் எங்கள் கிடுகு வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஏறிப் போனார்கள். ஒருவர் சாத்தினார், அவரைப் பார்த்து இன்னொருவர் சாத்தினார். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் வேலி முழுதாக முற்றத்துக்குள் படுத்திருந்தது. அதற்குமேல் சைக்கிள்கள் பாயில் படுத்த பிள்ளைகள் மாதிரி அடுக்காகக் கிடந்தன.

என் வீட்டுக்காரர் மேசன் வேலை செய்கிறவர். ஊரில் வேலை இல்லாத நாட்களில் ஓமந்தையைத் தாண்டி வவுனியாவுக்குப் போய்க் கிழமைக்கணக்கில் தங்கிவிடுவார். திரும்பி வந்தால் மகள் அவரைக் கண்டு ஆரோ என்று அழுவாள். அது அவருக்குப் பெரிய கவலை. வேலியை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு யோசனை சொன்னார். சைக்கிள்களை முற்றத்துக்குள் விடச் சொல்லு, ஆக்கள் விரும்பித் தருவதை வாங்கு, அது ஒழுங்காக வந்தால் நான் அங்கால் போகாமல் ஊர் வேலையோடு வீட்டில் நிற்கலாம் என்றார். முன்பின் தெரியாத ஆம்பிளைகளோடு நான் என்னத்தைக் கதைப்பது என்று கேட்டேன்.

"நீ ஏன் கதைக்கிறாய், சைக்கிளும் கதைக்காதுதானே."

முன்சில்லு

அவர் சொன்னபடியே நான் கதைக்காமல் தொழில் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றபடியால் எனக்கு ஒருவரின் முகமும் பாடமில்லை, சைக்கிள்தான் பாடம். பச்சை சீற் உறை வேலாயுதம் அண்ணை. கரியரில் பழைய ரியூப் சுற்றியிருந்தால் சங்கக்கடை மனேச்சர். மட்காட் இல்லாமல் வந்தால் அது பொன்னுத்துரை. மழை நாளில் முதுகு முழுக்கச் சேறு. முன்சில்லு படலைக்குள் நுழையும்போதே பேரைச் சொல்லிவிடுவேன். இந்தப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் என்று சனம் புகழ்ந்தது.

ஒரு நாள் பச்சை உறைச் சைக்கிள் வந்தது. எனக்கும் கொஞ்சம் துணிவு வந்திருந்த காலம். முன்சில்லைப் பார்த்தபடியே, அண்ணை, நேற்று மாதிரி இன்றைக்கும் கிளிநொச்சியில் பந்தடி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸிலோ வருவியள் என்று கேட்டேன். கொஞ்சம் மேலே பார்த்தால் சீலைக் கரை. இன்னும் மேலே பார்த்தால் வேலாயுதம் அண்ணையின் மனுசி. நேற்று அவர் வயலுக்குத் தண்ணி கட்டப் போனதாகச் சொன்னவர் என்று அவா ஆறுதலாகச் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினா. அடுத்த நாள் அண்ணை வந்தார். கோபிக்கவில்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டார், பூட்டினார், பிறகு என் முன்னால் குனிந்து நின்று சொன்னார்.

"பிள்ளை, இனி ஏதும் கேக்கிறதெண்டால் முதல் முகத்தைப் பார்."

சைக்கிளோடு ஒரு மாமி

சைக்கிளை மட்டும் விட்டுப் போனால் இந்தத் தொழில் சுகமான தொழில். ஆனால் பஸ்ஸில் ஏற்ற விடாத சாமான் எல்லாம் எங்கள் முற்றத்தில்தான் இறங்கும். மண்வெட்டி, பலாப்பழம், காலில் கட்டுப் போட்ட சேவல். ஒரு தரம் ஒரு கிடாய் ஆடு. அது என் கொடியில் கிடந்த பாவாடையில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. ஒரு நாள் திட்டத்திலிருந்து ஒரு அக்கா, கரியரில் தன் மாமியை ஏற்றிக்கொண்டு வந்தா. மாமிக்குக் கால் ஏலாது, வீட்டிலை தனிய விடவும் ஏலாது, ஆஸ்பத்திரிக்கு மருந்துத் துண்டு எடுக்க நான் மட்டும் போனால் காணும், சைக்கிளோடை இவவையும் ஒருக்காப் பாருங்கோ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டா.

மாமி பாலை மரத்தடியில் கதிரை கேட்டு வாங்கி இருந்தா. கொஞ்ச நேரத்தில் முற்றம் அவவின் கைக்குப் போய்விட்டது. அந்தச் சைக்கிளை அங்காலை விடு, இதை இஞ்சாலை தள்ளு, ஏன் தம்பி காத்தில்லாத சில்லோடை வாறாய் என்று வந்தவர்களை வரிசையில் நிற்பாட்டினா. நான் கதைக்க வேண்டிய கதை எல்லாம் அவா கதைத்தா. எனக்கு அன்றைக்குப் போல ஆறுதலான நாள் அதற்கு முதல் வந்ததில்லை. இடையிடையே பஸ் வந்தால் மட்டும் பேச்சை விட்டுவிட்டு, பல்லில்லாத வாயைத் திறந்தபடி அது போய் மறையுமட்டும் பார்ப்பா. குடியேற்றத்துக்குள் போன பிறகு அவா பஸ் கண்டதே இல்லையாம். பின்னேரம் மருமகள் வந்து, ஏறுங்கோ மாமி போவம் என்று கூப்பிட்டா. மாமி கதிரையை விட்டு அசையவில்லை.

"நீ போ பிள்ளை, நான் கடைசி பஸ்ஸையும் பாத்திட்டு வாறன்."

எல்லாம் நீலம்

எனக்கு வந்த பெரிய சோதனை, ஒரு தொண்டு நிறுவனம் திட்டத்துச் சனத்துக்குச் சைக்கிள் கொடுத்ததுதான். கொடுத்தது புண்ணியம். ஆனால் எல்லாம் ஒரே நீலம், ஒரே சீற், ஒரே மணி. முன்சில்லைப் பார்த்துப் பேர் சொன்ன என் கெட்டித்தனம் ஒரே நாளில் முடிந்தது. சனம் அடையாளத்துக்காக ஆளுக்கொரு சிவப்புத் துணி கட்டியது. எல்லோர் வீட்டிலும் கிழிக்கச் சிவப்புச் சீலைதான் இருந்திருக்கிறது. பிறகு ஆயுதபூசை வந்தது. எல்லோரும் சைக்கிளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஹாண்டிலில் தேசிக்காய் கட்டினார்கள். இருந்த கொஞ்ச வித்தியாசமும் போய்விட்டது.

அந்த நேரத்தில் பொன்னுத்துரையின் சைக்கிளைச் செல்லத்துரையும், செல்லத்துரையின் சைக்கிளைப் பொன்னுத்துரையும் எடுத்துக்கொண்டு போய், மாரி முடியுமட்டும் ஓடியிருக்கிறார்கள். ஒருவர் புது ரயர் போட்டார். மற்றவர் பெண்சாதி ஏறுவதற்காகக் கரியருக்குப் பலகை அடித்தார். ஒரு நாள் சீற்றைக் கழற்றிய இடத்தில் கீறியிருந்த எழுத்தைப் பார்த்துத்தான் விசயம் வெளியில் வந்தது. இரண்டு பேரும் முற்றத்தில் இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு, மாடு வாங்க வந்தவர்கள் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சண்டை வரப்போகிறது என்று நான் மகளைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்குப் போய்விட்டேன். கடைசியில் பொன்னுத்துரை தான் ஓடி வந்த சைக்கிளிலேயே ஏறி இருந்தான்.

"விடு மச்சான், என்ரை இப்ப உன்னோடை பழகியிட்டுது."

படலையில் மணி

எங்களுக்கு எதிரே காணி வாங்கி வந்தவர் ஓய்வுபெற்ற ஓவசியர், அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்த்தவர். மனைவி புளியங்குளத்தில் படிப்பிக்கிற ரீச்சர். தங்கமான ஆக்கள். ஓவசியர் ஐயா வந்த கையோடு ஊர் அபிவிருத்திச் சங்கத்துக்குத் தலைவரானார். ஒழுங்கைகளுக்கு முதலாம் ஒழுங்கை, இரண்டாம் ஒழுங்கை என்று பேர் வைத்தார். மூன்றாம் ஒழுங்கை இல்லை, ஆனால் அதற்கும் பலகை தயாராக இருந்தது. ரவுணுக்கு உரிய இடத்தில் பஸ் நிற்க வேண்டும், முடக்கில் ஒரு வீட்டு வாசலில் நிற்கக்கூடாது என்று அவர் அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு பயம். பஸ் போனால் சைக்கிள் போகும், சைக்கிள் போனால் என் வீட்டுக்காரர் வவுனியாவுக்குப் போவார்.

மதிலும் கேற்றும் கட்டினால் அழைப்பு மணி வேண்டுமல்லவா. ஊரில் கரண்ட் இல்லை. ரீச்சர் யோசித்து, கேற்றில் ஒரு நல்ல சைக்கிள் மணியைப் பூட்டுவித்தா. வேலாயுதம் அண்ணை எங்கள் படலைக்குள் வரும்போது ஒரு கிணிங். சங்கக்கடை மனேச்சர் வரும்போது இரண்டு கிணிங். நீலச் சைக்கிள்கள் சேர்ந்து வந்தால் கோயில் பூசை. ஒவ்வொரு கிணிங்குக்கும் ரீச்சர் சீலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சிரித்த முகத்தோடு கேற்றைத் திறப்பா. வெளியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், நான்தான் எதிரே நிற்பேன். அவா ஒரு கிழமை பொறுத்தா.

"ஆக்கள் என்னட்டை வரட்டும் எண்டு மணி வைச்சன் பிள்ளை, இப்ப நான்தான் உன்ரை ஆக்களிட்டை வந்துகொண்டிருக்கிறன்."

நோன்பு

ஹனிபா நானாவின் சைக்கிள் மட்டும் இரவில் எங்கள் வீட்டில் தங்கும். அவர் சண்டைக்காலத்தில் வெளியேற்றப்பட்டு, பாதை திறந்த பிறகு திரும்பி வந்த புடைவை வியாபாரி. வவுனியாவிலிருந்து பஸ்ஸில் பொட்டளியோடு வந்து இறங்கி, அதைக் கரியரில் கட்டிக்கொண்டு திட்டத்துக்குள் போய் விற்றுவிட்டு, பின்னேரம் சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பிப் போவார். என்னைப் போலவே அதிகம் கதைக்காத மனிதர். வந்து இறங்கினால் நான் மகளின் கையில் ஒரு பிளேன்ரீ கொடுத்து அனுப்புவேன். அவர் தலையை ஆட்டி வாங்குவார். கோப்பை கழுவித் திரும்பி வரும். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது அவ்வளவுதான்.

நோன்பு மாதம் வந்தது எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போலத் தேத்தண்ணி அனுப்பினேன், அவரும் வழக்கம்போல வாங்கினார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வெட்கம். கோப்பையோடு பாலை மரத்துக்குப் பின்பக்கம் போவார், வெறுங்கோப்பையோடு வருவார். ஒரு நாள் விறகு எடுக்க அந்தப் பக்கம் போன பிறகுதான் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் வேலாயுதம் அண்ணை குந்தியிருந்து குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கலாம் போல வெட்கமாகிவிட்டது. நானா நிலத்தைப் பார்க்கிறார், நான் நிலத்தைப் பார்க்கிறேன். வேலாயுதம் அண்ணை மட்டும் கடைசி மிடறையும் குடித்துவிட்டு எழும்பினார்.

"பெருநாள் கிட்டியிட்டுதாம், எனக்குத்தான் கவலை."

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்

ஒரு காலை முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவர் பஸ்ஸால் இறங்கினார். நல்ல வேட்டி சால்வை. சைக்கிள் கொண்டுவராத மனிதர் முற்றத்துக்குள் வந்து, திட்டத்துக் கந்தசாமியின் மகனின் சைக்கிள் எது என்று கேட்டார். தன் மகளுக்கு அந்தப் பொடியனைப் பேசியிருக்கிறதாம். பொடியன் வேலைக்குப் போயிருக்கிறான், சைக்கிள் நிற்கிறது. ஊரில் விசாரித்தால் எல்லோரும் நல்லது சொல்லுவார்கள், சைக்கிளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். நான் கையால் காட்டினேன்.

சால்வையை மடித்து என் கையில் தந்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். செயினைத் தொட்டு விரலை முகர்ந்தார். கம்பிகளைத் தட்டிப் பார்த்தார். சீற்றை அமத்தினார். ஹாண்டிலில் சாமிப் படம் ஒட்டியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பிறேக்கைப் பிடித்தார். அது பிடிக்கவில்லை. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அவருடைய முகம் மாறியது. பொடியன் நல்ல பொடியன், என் மகளுக்கு இனிப்புக் கொடுக்கிறவன். அதைச் சொல்லாமல் நான் சால்வையை இன்னொரு மடிப்பு மடித்தேன். ஐயா எழும்பி விரலை மரத்தில் துடைத்து, கண்ணை மூடி யோசித்து, என்னிடம் சால்வையை வாங்கினார். கலியாணம் தையில் நடந்தது. எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சால்வையைத் தோளில் போட்டபடி ஐயா சொன்னது இவ்வளவுதான்.

"செயினுக்கு எண்ணெய் விடுறவன் பெண்சாதியையும் பாப்பான், பிறேக்கை அவள் போடுவாள்."

குடிபூரல்

என் வீட்டுக்காரர் ஊரில் நின்றபடியால் எங்கள் கல்வீடு எழும்பியது. ஊர் வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் தன் கையாலேயே கல் வைத்தார். மகள் பக்கத்தில் இருந்து மண்ணைக் குழைத்துக் கொடுப்பாள், அவர் அதை வாங்கிப் பூசுவது போலப் பாவனை செய்வார். அவள் இப்போது அவரைக் கண்டு அழுவதில்லை, அவர் வெளிக்கிட்டால்தான் அழுகிறாள். கூரை போட்ட கையோடு மாரி தொடங்கியது. மழைக்குள் ஆக்களின் சைக்கிளை விட மனம் வராமல், எல்லாவற்றையும் புது விறாந்தைக்கும் அறைக்கும் உருட்டி ஏற்றினோம். நாங்கள் பழைய கொட்டிலில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு படுத்தோம்.

பால் காய்ச்ச நாள் பார்த்த அன்றைக்கும் மழை. கிளிநொச்சியிலிருந்து வந்த மச்சாள், இவருடைய அக்கா, கையில் விளக்கோடு வலது காலை வைத்து உள்ளே போகப் பார்த்தா. கால் ஒரு பெடலில் இடித்தது. விறாந்தையில் சைக்கிள், சாமி அறையில் சைக்கிள், அடுப்பு மூட்ட வைத்த மூலையில் ஹனிபா நானாவின் சைக்கிள், விற்று மிஞ்சின பொட்டளியோடு. ஹாண்டில்களுக்கு நடுவில் மூன்று கல் வைத்துத்தான் பால் பொங்கினோம். பால் பொங்குகிற நேரம் பார்த்து ஆரோ மணியும் அடித்துவிட்டார்கள். மச்சாள் விளக்கை ஒரு கரியரில் வைத்தா.

"தம்பி, முதல் குடிபூந்த ஆக்களிட்டை ஒருக்கால் கேட்டிட்டு எங்களை உள்ளுக்கு விடு."

கூட்டம்

ஓவசியர் ஐயா சொன்னதைச் செய்கிற மனிதர். புளியங்குளம் பக்கமாக, புதுச் சந்தைக் கட்டடத்துக்கு முன்னால், சீமெந்தில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டுவித்தார். ஆக்கள் இருக்க நீட்டுப் பலகை வாங்கு, மேலே தட்டுக் கூரை, பக்கத்தில் சைக்கிள் விடவும் இடம். பஸ்ஸை அங்கே மாற்றுவதா என்று பேச வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வீட்டில் அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார், வர முடியவில்லை. நீ போய் இரண்டு வார்த்தை சொல்லு, சைக்கிள் இல்லாவிட்டால் நான் திரும்பவும் வவுனியாவில்தான் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லு, காணும் என்றார்.

நான் அந்த இரண்டு வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். போய்ப் பொம்பிளைகளுக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் எழும்பிக் கதைத்தார்கள். தேத்தண்ணிக்கடைக்காரர் இரண்டு பக்கமும் கதைத்தார். ஓவசியர் ஐயா நேர்மையான மனிதர், என்னைத் தேடிப் பிடித்து, தங்கச்சி நீர் என்ன சொல்லுறீர் என்று கேட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு என் கால் விரல்தான் தெரிந்தது. ஐயா அதையே பதிலாக எடுத்து, நிம்மதியாகக் கூட்டத்துக்குத் திரும்பினார்.

"அப்ப தங்கச்சிக்கும் சம்மதம்."

வாங்கு

புதுத் தரிப்பிடத்துக்குத் தோரணம் கட்டி, தேங்காய் உடைத்து, நாடா வெட்டினார்கள். முதல் பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள். எனக்கும் கற்கண்டு வந்தது. அடுத்த நாளிலிருந்து பஸ் எங்கள் முடக்கைக் கடந்து அங்கே போய் நின்றது. முற்றத்தில் சைக்கிள் குறைந்தது. வேலாயுதம் அண்ணை, ஹனிபா நானா, இன்னும் பழகின சில பேர் மட்டும் இங்கே விட்டுவிட்டு வெயிலில் அங்கே நடந்தார்கள். அங்கே சைக்கிள் விடுகிற இடத்தில் மரம் இல்லை, சீற் அடுப்பாகிவிடுகிறது என்று அவர்கள் எனக்குச் சொன்ன காரணம். எனக்காக நடந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

பழகின சில பேரால் ஒரு வீடு ஓடாது. இவர் வவுனியாவில் வேலை கொடுக்கிற மேசன் பாஸுக்குச் சொல்லி அனுப்பி வேலை கேட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஞாயிறு பின்னேரம் தூக்குப் பையை எடுத்துத் தூசி தட்டினார், மேசன் கரண்டியையும் தூக்குக்குண்டையும் துணியில் சுற்றி வைத்தார். மகள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள். அவர் திரும்ப வைத்தார், அவள் திரும்ப எடுத்தாள்.

"சாமான் வைக்கிறது நான், இறக்கிறது அவள், பாப்பம் ஆர் வெல்லுறதெண்டு."

மறித்தது

திங்கள் விடிய அவர் பையோடு புதுத் தரிப்பிடத்துக்கு நடந்து போய்விட்டார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையில் நின்றேன். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பஸ் வருகிற சத்தம் கேட்டது. அதே நேரம் எதிர்வீட்டுக் கேற் திறந்தது. ரீச்சர், ஒரு கையில் குடை, மற்றக் கையில் பாதி பின்னின தலை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை நாள், எழும்பப் பிந்திவிட்டா. தரிப்பிடம் வரைக்கும் ஓடினாலும் பஸ் அதுவரை காத்து நிற்காது. முந்தி என்றால் கேற்றால் வந்து ஏறியிருப்பா. அவா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லத் தேவையில்லை. கேட்டது ஒரு சொல்தான், மறி பிள்ளை என்று.

நான் றோட்டுக்கு ஏறினது எனக்கு நினைவில்லை. மகள் இடுப்பில் இருக்க மற்றக் கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நிற்கிறேன், தொண்டையிலிருந்து ஆரோ நிப்பாட்டுங்கோ என்று கத்துகிறார்கள், அது நான்தான். பஸ் தூசியோடு பாலை மரத்தடியில் நின்றது. ரீச்சர் ஏறினா. பஸ் நின்றதைக் கண்டு, சைக்கிளை விட்டு நடக்க வெளிக்கிட்ட வேலாயுதம் அண்ணை ஏறினார். அந்த நேரம் திட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த நீலச் சைக்கிள்களும், சந்தைத் தரிப்பிடத்துக்குப் போவதை விட்டுவிட்டு எங்கள் முற்றத்துக்குள் திரும்பின. ஆக்கள் விழுந்தடித்து ஏறினார்கள். மிதிபலகை வரைக்கும் சனம். பஸ் முக்கிக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்பாட்ட முடியவில்லை.

சோற்றுக்கு உலை வைக்கிற நேரம் இவர் தூக்குப் பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். என்ன, பஸ்ஸை விட்டுவிட்டீர்களோ என்று கேட்டேன். பஸ் வந்தது, ஆனால் கால் வைக்க இடமில்லை, கொண்டக்டர் ஏற விடவில்லை என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கத்தான் நினைத்தாராம். ஆனால் கொண்டக்டர் மணியை அடிக்க முதல் சொன்ன வார்த்தையைக் கேட்ட பிறகு, அவருக்கு வாங்கில் இருக்கவும் மனம் வரவில்லையாம்.

"அண்ணை, உங்கடை மனிசி அங்கை மறிச்சுப் பஸ்ஸை நிரப்பிப்போட்டா, நீங்கள் வீட்டை போங்கோ."

சங்கத்தின் முடிவு

அடுத்த நாள் நான் மறிக்கவில்லை. சனம் பாலை மரத்தடியில் நின்றது, பஸ் தானாக நின்றது. அதற்கு அடுத்த நாளும் நின்றது. வவுனியாப் பாஸ் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். தூக்குப் பையில் இப்போது மகள் தன் பாவைப்பிள்ளையை வைத்திருக்கிறாள். புதுத் தரிப்பிடத்து வாங்கில் பகலில் ஆடுகள் இருக்கும், அறுவடைக் காலத்தில் நெல் காயும். சந்தை நாளில் மட்டும் ஆக்கள் இருப்பார்கள்.

ஓவசியர் ஐயா என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்குள் வந்தார். வீடு எதிரே இருக்கிற மனிதருக்கு இங்கே விட என்ன தேவை. நான் இந்த முறை அவருடைய முகத்தைப் பார்த்து, இஞ்சை நிழலுக்கை விடுங்கோ ஐயா என்றேன். அவர் விட்டார், பூட்டினார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தை ஒரு கட்டடம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ரீச்சர் கேற்றில் நின்று சிரித்தா.

"ரவுண் எண்டால் ரெண்டு தரிப்பிடம் இருக்கிறதுதான் தங்கச்சி வழமை."

ஊர் ரவுணாகிறது என்பது வேறொன்றுமில்லை சகோதரிகளே, உங்கள் முற்றத்தில் உங்களுக்கு நிற்க இடமில்லாமல் போவதும், அதை நினைத்து உங்களுக்கே ஒரு சந்தோசப் புழுகம் வருவதும்தான்.